பணத்தை வைப்பதா, வயதை வைப்பதா? ஜப்பானில் வக்கீலாக இரண்டு வாசல்கள்

ஜப்பானில் வக்கீலாக விரும்புகிறவர் முதலில் சட்டப் புத்தகத்தைத் திறப்பதில்லை, கணக்குப் போடுகிறார். பட்டப் படிப்புக்குப் பிறகு சேரும் மேற்படிப்புக்குச் சட்டப் பள்ளி என்று பெயர். தேசியப் பல்கலைக்கழகம் ஒன்றின் சட்டப் பள்ளியில் சேர்க்கைக் கட்டணம் 2,82,000 யென், ஆண்டுக் கட்டணம் 8,04,000 யென். ஈராண்டுப் படிப்புக்கு ஏறத்தாழ 19 லட்சம் யென் ஆகிவிடும். அறை வாடகையும் சாப்பாடும் தனி. தனியார் பள்ளி என்றால் தொகை இன்னும் ஏறும். சட்டப் பள்ளிப் பக்கமே போகாமல், முன்தேர்வு எழுதியும் அதே தகுதியைப் பெறலாம். அதற்கான கட்டணம் 17,500 யென். வயது, பட்டம் எதுவும் கேட்க மாட்டார்கள்.

அப்படியென்றால் எல்லாரும் மலிவான வாசலில்தானே முண்டியடிப்பார்கள்? முண்டியடிக்கத்தான் செய்கிறார்கள். 2024-இல் முன்தேர்வை எழுதியவர்கள் 12,569 பேர். தேறியவர்கள் 449 பேர். நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை.

இந்த இரண்டு வாசல்களும் கொண்டுபோய் விடுவது வக்கீல் தொழிலில் அல்ல, ஷிஹோ ஷிகென் எனப்படும் நீதித்துறைத் தேர்வின் படியில்தான். சட்ட இளங்கலைப் பட்டம் மட்டும் வைத்திருப்பவருக்கு அந்தப் படியில் இடமில்லை. ஜப்பானியப் பல்கலைக்கழகங்களில் சட்டம் படித்து வெளிவருகிறவர்களில் பெரும்பாலோர் கம்பெனிகளுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் போய்விடுகிறார்கள். இன்னொன்று, வக்கீல், நீதிபதி, அரசு வழக்குத் தொடுநர் மூவருக்கும் பொதுவாக இருப்பது இந்த ஒரே தேர்வு. தேறிப் பயிற்சி முடித்த இருபத்தாறு வயது இளைஞர் துணை நீதிபதியாக நீதிமன்ற மேடையில் உட்காருவது அங்கே சர்வ சாதாரணம்.

ஒரு தேர்வுக்கு ஏன் இரண்டு வாசல்? பழைய முறையில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் நெடுங்காலம் ஆண்டுக்கு ஏறத்தாழ 500 பேரைத்தான் உள்ளே விட்டார்கள். தேர்ச்சி நூற்றுக்கு இரண்டு, மூன்று. பத்து ஆண்டுகள் தொடர்ந்து எழுதித் தலை நரைத்தவர்கள் இருந்தார்கள். எஜமானை இழந்து திரியும் சாமுராயை 'ரோனின்' என்பார்களே, அந்தப் பெயரை இவர்களுக்கும் வைத்தார்கள். இதை மாற்ற 2001-இல் நீதித்துறைச் சீர்திருத்தக் குழு அறிக்கை தந்தது. சட்டப் பள்ளிகள் திறக்கப்படும், அவற்றில் படித்து முடிப்பவர்களில் பத்துக்கு ஏழெட்டுப் பேர் தேறுவார்கள், 2010 வாக்கில் ஆண்டுக்கு 3,000 பேர் சட்டத் தொழிலுக்கு வருவார்கள் என்பது கனவு. பொறியாளர்கள், மருத்துவர்கள், ஊழியர்கள் என்று பலதரப்பட்டவர்கள் வக்கீல்களாக வேண்டும் என்ற ஆசையும் அதில் இருந்தது.

2004-இல் பள்ளிகள் திறந்தன. விண்ணப்பங்கள் 72,800. மழை பெய்ததும் முளைக்கும் காளான்கள்போல் பள்ளிகள் 74 ஆகிவிட்டன. அத்தனை பேருக்கும் பத்துக்கு ஏழு என்ற கணக்கில் இடம் கொடுக்க முடியாது என்பது அப்போதே தெரிந்திருக்க வேண்டும். புதிய தேர்வின் முதல் ஆண்டான 2006-இல் ஏறத்தாழ பாதிப் பேர் தேறினார்கள். 2016-இல் அது 23 விழுக்காட்டுக்கு இறங்கியது. 3,000 என்ற இலக்கை ஒருமுறைகூட எட்டவில்லை. 2013-இல் அரசு அதைக் கைவிட்டது. 2015-இல் '1,500-க்குக் குறையாமல்' என்று சொல்லி முடித்துக்கொண்டது. ஹிமேஜி தொக்யோ பல்கலைக்கழகத்தின் சட்டப் பள்ளி முதலில் மாணவர் சேர்க்கையை நிறுத்தியது. அதன் பின் ஒன்றன்பின் ஒன்றாகப் பாதிக்கு மேற்பட்ட பள்ளிகள் கதவைச் சாத்திவிட்டன.

படித்தவர்களுக்கு இன்னொரு கத்தியும் தொங்கியது. பள்ளியை முடித்த ஐந்து ஆண்டுகளுக்குள் மூன்று முறைதான் எழுதலாம் என்று ஆரம்பத்தில் விதி. ஜப்பானியர்கள் பேஸ்பால் பைத்தியங்கள். மூன்றிலும் தோற்றவரை 'சான்ஷின்' என்றார்கள், அதாவது மூன்று பந்தையும் தவறவிட்டு ஆட்டமிழந்தவர். இப்போது ஐந்து ஆண்டுகளில் ஐந்து முறையும் எழுதலாம். ஆனால் கடிகாரம் ஓடுவது நிற்கவில்லை.

முன்தேர்வு இந்தக் கதையில் 2011-இல்தான் வருகிறது. ஜப்பானிய மொழியில் யோபி ஷிகென், பேச்சில் வெறும் 'யோபி'. பணமில்லாதவர்களுக்கும், ஏற்கெனவே வேலையில் அனுபவம் பெற்றவர்களுக்கும் ஒரு விதிவிலக்காகத் திறந்த பக்கவாசல் அது. அந்த வாசலில் நிஜமாக நுழைந்தவர்கள் யார் என்று பார்த்தால் சிரிப்பும் வருத்தமும் சேர்ந்து வருகின்றன. தேறுகிறவர்களில் பெரும்பாலோர் நல்ல பல்கலைக்கழகங்களின் மாணவர்கள். சட்டப் பள்ளியில் சேர்ந்து படித்துக்கொண்டே யோபியையும் எழுதி, தேறியதும் பள்ளியை விட்டு நின்றுவிடுகிறவர்களும் உண்டு. பெரிய சட்ட அலுவலகங்கள் இவர்களைக் குறிவைத்துத் தூண்டில் போடுகின்றன. யோபி தேறிய மாணவர்களை, நீதித்துறைத் தேர்வின் முடிவுக்கே காத்திராமல், குறுகிய காலப் பயிற்சிக்கு அழைக்கின்றன. ஏழைக்காகத் திறந்த பக்கவாசல் கெட்டிக்காரர்களின் விரைவுப் பாதை ஆகிவிட்டது.

இங்கே ஒரு புள்ளிவிவரத்தை எல்லாரும் எடுத்து வீசுவார்கள். 2024 நீதித்துறைத் தேர்வில் யோபி வழியாக வந்தவர்களில் 475 பேர் எழுதி 441 பேர் தேறினார்கள், அதாவது 92.8 விழுக்காடு. சட்டப் பள்ளி வழியாக வந்தவர்களின் தேர்ச்சி 35 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. இதைக் காட்டி 'யோபிதான் சிறந்த பாடமுறை' என்று பேசுவது, ஓட்டப்பந்தயத்தில் அரையிறுதி தாண்டியவர்களை மட்டும் எண்ணிவிட்டுப் பயிற்சியாளரைப் புகழ்வதுபோல் இருக்கிறது. நூறு பேரில் 96 பேரை முதலிலேயே சல்லடையில் கழித்துவிட்டால் மிஞ்சுகிறவர்கள் தேறத்தானே செய்வார்கள்? 92.8 என்ற எண்ணை ஒருவர் சொன்னால், அதற்கு முன்னால் 3.6 என்ற எண்ணையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

அந்தச் சல்லடை எப்படிச் சலிக்கிறது? முதல் சுற்று கொள்குறி வினாக்கள். ஏழு சட்டப் பாடங்களோடு பொது அறிவும் சேர்த்தி. இரண்டாவது சுற்று எழுத்துத் தேர்வு. பெரும்பாலோர் இந்த இரண்டில் ஒன்றில் கழிந்துவிடுவார்கள். மூன்றாவது நேர்முகத் தேர்வு. அது பல ஆண்டுகள், டிஸ்னிலேண்ட் இருக்கும் அதே உராயசு நகரத்தில் சட்ட அமைச்சகத்தின் பயிற்சி மையத்தில் நடந்துவந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் தலைமைத் தேர்வாளர் ஒருவர், துணைத் தேர்வாளர் ஒருவர். ஒரு வழக்கின் விவரத்தைச் சொல்லிவிட்டு, வாதி எதைக் கோருவார், எந்தெந்த உண்மைகளை நிரூபிக்க வேண்டும் என்று படிப்படியாக நெருக்குவார்கள். இதில் தோற்பவர்கள் மிகக் குறைவு. ஆனாலும் அதன் பயம் பெரிது. தோற்றால் மறுபடி முதல் சுற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

அதையும் தாண்டினால் இரு வாசல்காரர்களும் சந்திக்கும் நீதித்துறைத் தேர்வு. நடுவில் ஒரு நாள் ஓய்வு விட்டு நான்கு நாட்கள். எழுத்துத் தேர்வு மட்டும் 17 மணி நேரம், கொள்குறித் தேர்வையும் சேர்த்தால் ஏறத்தாழ 20 மணி நேரம். சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, சட்டத் தொகுப்பைப் பார்க்கக் கொடுத்துவிடுவார்கள். மனப்பாடம் செய்ய வேண்டியது அந்தப் பிரிவுகளுக்கு உச்ச நீதிமன்றம் சொன்ன பொருளை. பெரும்பாலும் ஒரு கேள்விக்கு இரண்டு மணி நேரம், எட்டுப் பக்க விடை. 2025 வரை அதைப் பேனாவால்தான் எழுத வேண்டியிருந்தது, பென்சில் கூடாது. கை வலிக்காத பேனா எது என்று தேர்வர்கள் நடத்திய விவாதம், சட்ட விவாதங்களைவிடச் சூடாக இருந்தது. 2026 தேர்விலிருந்து கணினியில் விடை எழுதும் முறை. பேனா விவாதத்துக்கு அதோடு வேலை இல்லை.

சரி, எந்த வாசல் நல்லது? கட்டணத்தைப் பார்த்து முடிவெடுப்பது தவறு என்பது என் எண்ணம். சட்டப் பள்ளி உங்கள் பணத்தைப் பணயமாகக் கேட்கிறது. யோபி உங்கள் வயதைக் கேட்கிறது. பள்ளியில் ஐந்தாண்டுக் கடிகாரம் கொடுமையானதுதான். ஆனால் அது ஒரு நாள் நின்று, 'போதும், வேறு வேலையைப் பார்' என்று சொல்லிவிடும். யோபியில் தேறும்வரை கடிகாரமே இல்லை. 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று சொல்லிக்கொண்டே நாற்பதைத் தாண்டலாம், தடுக்க ஆளில்லை. ஒழித்துக்கட்டிவிட்டதாகச் சொன்ன ரோனின்கள் இந்தப் பக்கம் மறுபடி முளைத்துவிட்டார்கள்.

டோக்கியோவிலோ கியோட்டோவிலோ சட்டம் படிக்கும் இருபது வயது மாணவருக்கு, சில ஆண்டுகளுக்கு முன்புவரை, யோபியை எழுது என்றுதான் சொல்லியிருப்பேன். இப்போது சொல்ல மாட்டேன். 2020-இல் மூன்றாண்டு இளங்கலை, ஈராண்டு சட்டப் பள்ளி என்ற சுருக்கப் பாதை வந்தது. 2023 முதல், சட்டப் பள்ளியின் கடைசி ஆண்டில் படிக்கும்போதே நீதித்துறைத் தேர்வை எழுதலாம். அப்படி எழுதுகிறவர்களில் பாதிக்கு மேல் தேறுகிறார்கள். முன்பு மார்ச்சில் படிப்பை முடித்து, மே மாதம் எழுதி, செப்டம்பரில் முடிவு தெரிந்து, நவம்பர் கடைசியில் பயிற்சிக்குப் போக வேண்டும். நடுவில் வருமானமில்லாத மாதங்கள். இப்போது மார்ச்சில் பட்டம், அந்தச் சூட்டிலேயே பயிற்சி. யோபியின் பெரிய கவர்ச்சியான வேகம் இதனால் பாதி போய்விட்டது.

குடும்பமும் வேலையும் உள்ளவருக்கு, அதுவும் சட்டப் பள்ளி இல்லாத மாவட்டத்தில் இருப்பவருக்கு, யோபியைத் தவிர நடைமுறையில் வழி கிடையாது. அவர் எத்தனை முறை எழுதுவது என்பதை முதல் நாளே தீர்மானித்து எங்காவது எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மிகவும் ஏமாற்றப்பட்டவர், முன்பு சட்டமே படிக்காமல் சட்டப் பள்ளியின் மூன்றாண்டுப் பிரிவில் சேரும் பொறியாளரோ செவிலியரோதான். இந்தச் சீர்திருத்தமே அவரை அழைத்து வரத்தான் நடந்தது. தேர்ச்சி மிகக் குறைவாக இருப்பதும் அந்தப் பிரிவில்தான்.

தேறிய பிறகு வாசல் வித்தியாசம் மறைகிறது. எல்லாரும் உச்ச நீதிமன்றத்தின் கீழ் ஓராண்டுப் பயிற்சிக்குப் போகிறார்கள். சைதாமா மாகாணத்தின் வாகோ நகரில் இருக்கிறது பயிற்சி நிறுவனம். இடையில் நாட்டின் பல பகுதிகளுக்கும் அனுப்பி, உரிமையியல் நீதிமன்றம், குற்றவியல் நீதிமன்றம், வழக்குத் தொடுநர் அலுவலகம், வக்கீல் அலுவலகம் என்று மாறி மாறி உட்கார வைப்பார்கள். முன்பு இதற்குச் சம்பளம் உண்டு. 2011-இல் அதை நிறுத்திவிட்டுக் கடன் கொடுத்தார்கள். 2017-இல் மாதம் 1,35,000 யென் உதவித்தொகை வந்தது. இடையில் கடனோடு வெளிவந்தவர்களைப் 'பள்ளத்தாக்குத் தலைமுறை' என்கிறார்கள். கடைசியில் இன்னொரு தேர்வு. அதைப் பேச்சுவழக்கில் 'இரண்டாவது தேர்வு' என்பார்கள். அதுவரை எத்தனை எழுதியிருந்தாலும் கணக்கில் இரண்டுதான்!

தொழிலில் இறங்கும்போது வேறொரு தேர்வு காத்திருக்கிறது. பெரிய அலுவலகமா, கம்பெனிச் சட்டப் பிரிவா, சிறிய அலுவலகமா? சிறிய அலுவலகத்தில் மூத்தவரிடம் சம்பளத்துக்கு இருப்பவர் 'இசோபென்'. நம் பேச்சில் 'தண்டச்சோறு வக்கீல்' என்று சொல்லலாம், இராப்பகலாக உழைப்பவருக்குக் கேலியாக வைத்த பெயர். சம்பளமே இல்லாமல் அலுவலகத்தின் ஒரு மூலையில் மேசை மட்டும் கிடைத்து, தன் கட்சிக்காரர்களைத் தானே தேடிக்கொள்பவர் 'நோகிபென்', தாழ்வாரத்து வக்கீல். எவரிடமும் சேராமல் முதல் நாளே சொந்தப் பலகை மாட்டுகிறவர் 'சொகுதொகு'. வக்கீல்கள் பெருகிய பிறகுதான் பின்னிரண்டு சொற்களும் பரவின. ஆனால் நாட்டில் உள்ள வக்கீல்களில் ஏறத்தாழ பாதிப் பேர் டோக்கியோவில் குவிந்திருக்கிறார்கள். தாழ்வாரத்து வக்கீல் சிரமப்படும் அதே நாட்டில், ஒரு காலத்தில் நீதிமன்றக் கிளை இருந்தும் வக்கீல் ஒருவர்கூட இல்லாத ஊர்கள் இருந்தன. அங்கெல்லாம் வக்கீல் சங்கங்களின் கூட்டமைப்பே பணம் போட்டு 2000 முதல் அலுவலகங்கள் திறந்தது. அவற்றின் பெயர் 'ஹிமாவாரி', சூரியகாந்தி.

அந்தப் பூதான் வக்கீல்கள் கோட்டில் குத்திக்கொள்ளும் சின்னத்திலும் இருக்கிறது. சூரியகாந்தி இதழ்களுக்கு நடுவே தராசு, பின்பக்கம் பதிவு எண். வெள்ளியில் செய்து தங்க முலாம் பூசியது. சொந்தமாகக் கிடைக்காது, கூட்டமைப்பு இரவலாகத்தான் தரும், தொழிலை விடும்போது திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆண்டுகள் போகப் போக முலாம் தேய்ந்து வெள்ளி தெரியும், அதை வைத்தே அனுபவசாலி என்று கண்டுபிடிப்பார்கள். பளபளவென்று இருந்தால் கட்சிக்காரர் நம்ப மாட்டார் என்று, புதிதாகச் சேர்ந்தவர்கள் அதைச் சில்லறைப் பையில் நாணயங்களோடு போட்டு உரசவிடுவார்களாம்.