மானிட்டர் இல்லாத கம்ப்யூட்டரில் கறுப்புத் திரையா? கார்டு மாற்றக் காசு கொடுத்துவிடாதீர்கள்

திருவாரூர்ப் பக்கம் ஒரு வீட்டில் நடந்தது. வயல் கணக்கும் பத்திர ஸ்கேனும் இருக்கிற கம்ப்யூட்டர் ஊரில், பிள்ளை சென்னையில். இடத்தை அடைக்கிறதென்று மானிட்டரைக் கழற்றினார்கள். அன்றிலிருந்து, பிள்ளை சென்னையிலிருந்தே இந்தக் கம்ப்யூட்டரை இயக்கப் பயன்படுத்தும் எனிடெஸ்க் நிரலில் கறுப்புத் திரைதான். சர்வீஸ்காரர் வந்தார், "கிராபிக்ஸ் கார்டு போச்சு" என்றார் (திரைக்குப் படம் அனுப்பும் பாகம் அது), 6,500 ரூபாய்க்குப் பழைய கார்டு ஒன்றைப் போட்டார். கையோடு கொண்டுவந்த மானிட்டரைச் செருகிக் காட்டினார், படம் வந்தது. அதைக் கழற்றிக்கொண்டு அவர் கிளம்பியதும் மறுபடி கறுப்பு.

கார்டில் கோளாறே இல்லை. மானிட்டர்தான் கேபிள் வழியாகத் தன் திரை அளவைக் கார்டுக்குச் சொல்லும். அந்தத் தகவல் வராவிட்டால் பல கார்டுகள் படத்தையே அனுப்பாது, இல்லையென்றால் மிகச் சின்ன அளவில் அனுப்பும். வீட்டு டிவியின் ஹெச்டிஎம்ஐ கேபிளைச் செருகிப் பாருங்கள். படம் வந்தால் கார்டு நல்ல கார்டு. வாங்க வேண்டியது ஹெச்டிஎம்ஐ டம்மி ப்ளக், மானிட்டர் இருப்பதாகக் கார்டை நம்பவைக்கும் செருகி. கட்டைவிரல் அளவு, சில நூறு ரூபாய். தனிக் கார்டு இருந்தால் அந்தக் கார்டின் துளையில் செருகுங்கள், மதர்போர்டின் துளையில் அல்ல.

பணம் போனதைவிட மோசமானது பின்னால் தெரிந்தது. எனிடெஸ்கில் அந்த சர்வீஸ்காரர் போட்ட பாஸ்வேர்டு அப்படியே இருந்தது. எப்போது வேண்டுமானாலும் அவர் உள்ளே வரலாம். ரவுட்டரில் 3389 போர்ட்டையும் திறந்து வைத்திருந்தார். அது விண்டோஸிலேயே இருக்கும், தூரத்திலிருந்து உள்ளே போகும் வசதியான ரிமோட் டெஸ்க்டாப்பின் வாசல். திறந்த வாசலைத் தேடி பாஸ்வேர்டை ஊகிக்கும் நிரல்கள் இரவு பகலாக ஓடுகின்றன. இத்தனைக்கும் அங்கே இருந்தது விண்டோஸின் ஹோம் பதிப்பு. ஹோமுக்குள் ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழையவே முடியாது, அதற்கு ப்ரோ பதிப்பு வேண்டும். உங்கள் வீட்டிலும் யாராவது கை வைத்திருந்தால் இன்றே பாஸ்வேர்டை மாற்றுங்கள், ரவுட்டர் செட்டிங்கில் 'போர்ட் ஃபார்வர்டிங்' என்ற இடத்தில் திறந்துவைத்திருப்பதை அழித்துவிடுங்கள். ப்ரோ வைத்திருப்பவர்கள் டெயில்ஸ்கேல் (உங்கள் கருவிகளுக்குள் மட்டும் தனிப் பாதை போடும் நிரல்) போட்டு அதன் வழியே ரிமோட் டெஸ்க்டாப்பில் போகலாம், போர்ட் எதையும் திறக்க வேண்டாம்.

ஐப்பசி கார்த்திகை மழையில் நம் பக்கம் கரண்ட் போய்ப் போய் வரும். பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது, விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் செட்டிங்) 'ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்' என்பதை 'பவர் ஆன்' ஆக்குங்கள். 'லாஸ்ட் ஸ்டேட்' போதாது. அணைந்திருந்த கம்ப்யூட்டர் அணைந்தேதான் இருக்கும். ஸ்லீப்பை 'நெவர்' என்று வையுங்கள். எனிடெஸ்க்கை இன்ஸ்டால் செய்யுங்கள். வெறும் ஃபைலாக ஓட்டினால் ரீஸ்டார்ட் ஆனதும் தொடர்பு போய்விடும்.

யாரை வைத்துச் செய்தாலும் காசு கொடுக்கும் முன் மானிட்டரைக் கழற்றச் சொல்லுங்கள். ஷட் டவுன் செய்து, சுவரில் சுவிட்சை அணைத்துப் போட்டு, வைஃபை இல்லாமல் மொபைல் டேட்டாவில் போனிலிருந்து உள்ளே போய்ப் பாருங்கள்.