வேனுக்குள் வீட்டு ஃபிரிட்ஜா, 12 வோல்ட் பெட்டியா?

செங்கோட்டையில் நானும் தம்பியும் ஆளுக்கொரு பழைய வேனைப் படுக்கை, அடுப்பு வைத்து மாற்றினோம். சண்டை வந்தது ஃபிரிட்ஜில்தான். அவன் வண்டி பேட்டரியில் ஓடும் 45 லிட்டர் 12 வோல்ட் ஃபிரிட்ஜ் பெட்டி வாங்கினான். நான் 190 லிட்டர் ஒற்றைக் கதவு வீட்டு ஃபிரிட்ஜையே தூக்கி வைத்தேன். ஒன்றரை வருஷமாக இரண்டு வண்டியும் ஆரியங்காவு, தென்மலை வழியாகக் கொல்லம் பக்கம் போய் வருகின்றன. என் ஓட்டு வீட்டு ஃபிரிட்ஜுக்கு.

விலையிலும் உள்ளே இருக்கும் இடத்திலும் வீட்டு ஃபிரிட்ஜே மேல் என்பது சொல்லாமலே தெரியும். நீண்டகரையில் மீன் வாங்கினால் அவன் மோர்ப்பாத்திரத்தை வெளியே எடுத்து வைக்க வேண்டும்.

கரண்ட் விஷயத்தில் தம்பி பேச்சுதான் சரி. அவன் பெட்டி பேட்டரியிலிருந்து நேராக ஓடுகிறது. என்னுடையது நாளுக்கு அரை யூனிட் போலக் குடிக்கிறது என்றால், பேட்டரி கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றி அதை ஓட்டும் இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போதே 15 வாட் தின்கிறது. 24 மணி நேரத்துக்கு அதுவே 0.36 யூனிட். 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் பேட்டரியில் உள்ளதே 1.8 யூனிட், லெட் ஆசிட் என்பதால் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுசு குறையும். அதனால் இரண்டு பேட்டரி போட்டேன். வீட்டுக் கரண்ட் போலவே சீராகக் கொடுக்கும் சைன் வேவ் இன்வெர்ட்டர்தான் வேண்டும். ஃபிரிட்ஜிலும் வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடும் ‘இன்வெர்ட்டர் கம்ப்ரஸர்’ இருந்தால் மெதுவாகக் கிளம்பும். சாதா கம்ப்ரஸர் கிளம்பும்போது பல மடங்கு இழுத்துச் சின்ன இன்வெர்ட்டரை டிரிப் ஆக்கிவிடும்.

இத்தனைக்குப் பிறகும் நான் கட்சி மாறாததற்குக் காரணம் ரிப்பேர்.

போன ஆடியில் புனலூர் போய்ச் சேர்ந்தபோது உள்ளே குளிர்ச்சியே இல்லை. வண்டி குலுங்கிக் குலுங்கி, பின்பக்கக் குழாய் ஒன்று இரும்புச் சட்டத்தில் உரசி ஓட்டை விழுந்து கேஸ் போயிருந்தது. ஃபிரிட்ஜைச் சொல்லிக் குற்றமில்லை, பொருத்தியவன் நான். வேனில் வைத்துவிட்டு வாரண்டி கேட்கவும் மனம் வரவில்லை. கடைத்தெருவில் விசாரித்ததும் ஒரு மெக்கானிக் வந்தார். “அண்ணாச்சி, இது ஆர் 600 ஏ, தீப்பிடிக்கிற கேஸ். வண்டிக்குள்ள வெல்டிங் டார்ச் பத்த வைக்க மாட்டேன்” என்று நாலு பேரை வைத்து முற்றத்தில் இறக்கச் சொன்னார். சாயங்காலம் கேஸ் அடித்து ஏற்றியாகிவிட்டது.

தம்பி பெட்டியில் ஒருநாள் திரையில் ஏதோ எழுத்து மின்னி நின்றுவிட்டது. கன்ட்ரோல் போர்டு போச்சு. தென்காசியிலும் புனலூரிலும் திறந்து பார்த்தவர்கள் அப்படியே மூடிக் கொடுத்தார்கள். போர்டு வர 2 மாதம். அதுவரை மீன்கடை ஐஸைப் போட்டு ஓட்டினான், 12 வோல்ட் ஐஸ்பெட்டி.

வீட்டு ஃபிரிட்ஜ் வைக்கிறவர்கள் அதன் கால்களைக் கழற்றி, ரப்பர் புஷ் கொடுத்து, தரையோடு போல்ட் போடுங்கள். பின்னால் காற்றுப் போக இடம் விட்டு, வேன் பக்கவாட்டில் சூடு வெளியேறக் கம்பிவலை போட்ட திறப்பு வைக்க வேண்டும். கதவுக்குக் கொக்கி கட்டாயம்; புளியரை எஸ் வளைவில் எங்கள் குழம்பு முழுக்கத் தரையில்தான் போனது. நிறுத்தும்போது நான் சக்கரத்துக்குக் கல் வைத்து மட்டம் பார்ப்பேன். தம்பிக்கு அந்தத் தொல்லை இல்லை, அவன் பெட்டி சரிவிலும் ஓடுகிறது.

ஐந்து வருஷம் தாங்குமா என்று கேட்டால், நான் ஒன்றரை வருஷக்காரன். மூன்று நாள் பிளக்கே கிடைக்காத இடத்தில் தங்குகிறவர்கள் தம்பி வழியில் போகலாம். நாங்கள் இரண்டு ராத்திரிக்கு ஒருமுறை யார் வீட்டு முற்றத்திலாவது ஒயரை நீட்டிவிடுகிறவர்கள்.