ஜாவா வாயாங்கா, கிளந்தான் வாயாங்கா?

இந்தோனேசியாவின் ஜாவாத் தீவிலும் மலேசியாவின் கிளந்தான் மாநிலத்திலும் ஆடப்படும் இரண்டும் தோல்பாவை நிழலாட்டம்தான். ஆனால் ஜாவா பாவைக்கு இரு கைகளும் தோளிலும் முழங்கையிலும் மடங்கும். கிளந்தானில் பெரும்பாலும் ஒரு கைதான் அசையும். ஜாவாவில் காமெலான் இசைக்குழுவின் வெண்கல ஓசை விடியும்வரை ததும்பும். கிளந்தானில் செருனாய் குழல் வீறிடும்.

ஜாவாவில் மகாபாரதக் கதைகள் அதிகம். கிளந்தானில் ராமாயணம், ராவணன் அங்கே மகாராஜா வானா. கோமாளிகளைச் சொல்லியே ஆக வேண்டும்: ஜாவாவின் தொந்தி சரிந்த செமார் உண்மையில் ஒரு தேவன். பணியாளாக இறங்கி வந்து அர்ஜுனனுக்கே புத்தி சொல்கிறார். கிளந்தானின் பாக் டோகோலும் அப்படித்தான், தெய்வப் பிறவி.

இந்தோனேசிய வாயாங்கை யுனெஸ்கோ 2003இல் கௌரவித்தது. கிளந்தானிலோ 1990களில் மாநில அரசின் தடை. சரி, எதை முதலில் பார்ப்பது? கிளந்தான்தான் என்பேன். பாவையாட்டும் டாலாங்குகள் அங்கே மிகச் சிலரே மிஞ்சியிருக்கிறார்கள்.