டம்மியா, மெஸ்ஸனைனா?

என் சிடி அலமாரியில் இந்த இரண்டு ஆல்பங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்: போர்ட்டிஸ்ஹெட் இசைக்குழுவின் 'டம்மி' (1994), மாஸிவ் அட்டாக்கின் 'மெஸ்ஸனைன்' (1998). இரண்டு குழுவுக்கும் சொந்த ஊர் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பக்கம்தான். இரண்டையும் டிரிப்ஹாப் என்றே சொல்வார்கள்; ஹிப்ஹாப் தாளத்தை மெதுவாக்கி எலக்ட்ரானிக் ஒலிகளோடு கலந்த இசை அது. ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால், யோசிக்காமல் டம்மியை எடுப்பேன்.

முதல் காரணம் டம்மியின் பாடகி பெத் கிப்பன்ஸ். அழுகையை அடக்கிக்கொண்டு பேசுகிறவர் குரல் போல அப்படி ஒரு குரல். அப்புறம் பழைய இசைத்தட்டு ஓடுவது போன்ற அந்தக் கரகரப்பு. தாங்களே வாசித்ததை இசைத்தட்டில் ஏற்றி, அதை ஓடவிட்டு, அதிலிருந்து மறுபடி சாம்பிள், அதாவது பாட்டில் சேர்க்கச் சின்னச் சின்ன ஒலித்துண்டுகள், எடுத்திருக்கிறார்கள். இவ்வளவு மெனக்கெட்டதால்தான் எலக்ட்ரானிக் இசையாக இருந்தும் இயந்திர வாடை இல்லை. 1995இல், பிரிட்டனில் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்குத் தரும் மெர்க்குரி பரிசு கிடைத்தது, தகும்.

மெஸ்ஸனைன் வேறு ரகம். முதல் பாட்டிலேயே பேஸ் (கனத்த அடித்தொனி) தரையோடு ஊர்ந்து வர, அதன்மேல் ஹொரேஸ் ஆண்டி பாடுகிறார். எலிசபெத் ஃபிரேசர் பாடிய 'டியர்டிராப்' ஒன்றுக்காகவே வாங்கலாம். ஆனால் காரைக்குடியில் எங்கள் பழைய வீட்டில் ஆத்தங்குடிக் கல் தரை, உயரமான கூரை. ஸ்பீக்கரில் போட்டால் பேஸ் முழங்கிக் கலங்கிப்போகிறது. இதற்கு ஹெட்போன்தான் சரி.

டம்மிக்கு அந்தத் தொல்லை இல்லை. முன்பக்கப் பட்டாலைக் கூடத்தில் போட்டால் உள்முற்றமான வளவு வரைக்கும் குரல் தெளிவாகக் கேட்கும். "அந்தப் புள்ள ஏன் இப்படி உருகுது?" என்று ஆச்சியே கேட்டிருக்கிறார்கள்.

ராக் கேட்டுப் பழகியவர்கள் மட்டும் மெஸ்ஸனைனில் தொடங்கலாம். அதில் கிதார் நிறைய.