டெஸ்மாஸ் கிராஃப் கால்குலேட்டர்: மதிப்பகம் புரியாத பசங்களுக்கு கண்டிப்பா காட்டுங்க

பத்தாவது, பதினொண்ணாவது பசங்களுக்கு கணக்கு சொல்லித் தர்றேன், கிளாஸ்ல டெஸ்மாஸ் அடிக்கடி திறப்பேன், அதான் இதைப் பத்தி எழுதணும்னு தோணுச்சு. ஃப்ரீ தான், லாகின்கூட வேணாம். பிரவுசர்ல திறந்தா நேரா கட்டம் போட்ட பக்கம் வந்துடும், ஒரு பக்கம் சமன்பாட்டை டைப் பண்ண பண்ண இன்னொரு பக்கம் கோடு விழுந்துக்கிட்டே இருக்கும். 2011ல எலி லூபராஃப் ஆரம்பிச்சது, இப்போ அமெரிக்கக் காலேஜ்ல சேர எழுதுற டிஜிட்டல் எஸ்ஏடி பரீட்சைக்குள்ளயே இது இருக்கு.

நேரியல் சமன்பாட்டுக்கு நல்லாவே வேலை செய்யுது. 2x+3y=7, x−y=1 ரெண்டையும் அப்படியே போடலாம், y=ன்னு மாத்தி எழுதணும்னு அவசியமில்ல. வெட்டுற இடத்தைத் தொட்டா (2, 1)ன்னு காட்டும். ரெண்டாவதா 4x+6y=18 போட்டுப் பாருங்க, முதல் கோடு 2x+3y=6ஆ இருந்தா ரெண்டும் இணையா போகும், தீர்வு இல்லைங்கிறது கண்ணுக்கே தெரியும். 18ஐ 12ஆ மாத்தினா ஒண்ணு மேல ஒண்ணு படுத்துக்கும், எண்ணற்ற தீர்வு. y=mx+cன்னு போட்டு ஸ்லைடரை இழுத்தா m மாறும்போது கோடு சாயுறதும் c மாறும்போது மேல கீழ நகர்றதும் தனித்தனியா தெரியும், இதை போர்டுல எத்தனை கோடு போட்டு காட்டுறது சொல்லுங்க.

ஆனா நான் இதை சிபாரிசு பண்றதுக்கு உண்மையான காரணம் மதிப்பகம் தான், அதாவது xக்கு எந்தெந்த எண்ணெல்லாம் போடலாம்ங்கிறது. பசங்க நிறைய பேர் "பின்னத்துல கீழ இருக்குற பகுதி பூச்சியம் ஆகக்கூடாது, ரூட்டுக்குள்ள மைனஸ் வரக்கூடாது"ன்னு ரெண்டு விதியை மனப்பாடம் பண்ணி வச்சிருப்பாங்க, ஏன்னு கேட்டா அமைதி. y=√(x−3) போட்டா கோடு 3ல தான் ஆரம்பிக்கும், அதுக்கு இடது பக்கம் ஒண்ணுமே இருக்காது. அதையே (x−5)ஆல வகுத்தா 3ல ஆரம்பிச்சு 5கிட்ட ரெண்டா பிரிஞ்சு, ஒரு பக்கம் கீழயும் ஒரு பக்கம் மேலயும் ஓடும். அப்போ விடை x≥3, 5ஐ மட்டும் விட்டுடணும்னு அவங்களே சொல்லிடுறாங்க. இன்னொண்ணு எனக்கு ரொம்பப் பிடிச்சது. √(x−2)·√(x−5) ஒரு வரி, √((x−2)(x−5)) அடுத்த வரி. ரெண்டும் ஒண்ணுதானேன்னு எல்லாரும் சொல்லுவாங்க, ஆனா முதலாவது 5லேர்ந்து வலது பக்கம் மட்டும், ரெண்டாவது 2க்கு இடது பக்கமும் சேர்ந்து வரும், ஏன்னா ரெண்டு மைனஸ் பெருக்கினா ப்ளஸ், ஆனா தனித்தனியா ரூட் எடுக்க முடியாது. இந்த ஒரு படத்துக்கு அப்புறம் ரூட்டைச் சேர்க்குறதுக்கு முன்னாடி பசங்க ஒரு நிமிஷம் நிக்குறாங்க, எனக்கு அது பெரிய விஷயம்.

நாமளே மதிப்பகத்தைக் கட்டுப்படுத்தவும் செய்யலாம், y=2x+1 பக்கத்துல நெளிவு அடைப்புக்குள்ள 0<x<5ன்னு போட்டா அந்தத் துண்டு மட்டும் வரும்.

கவனிக்க வேண்டியதும் இருக்கு. (x²−4)/(x−2) போட்டா நேர்கோடு முழுசா இருக்குற மாதிரி தான் தெரியும், x=2ல ஓட்டை இருக்குறது கோட்டைத் தொட்டு அந்த இடத்துக்குப் போனா தான் காட்டும். அதனால மதிப்பகத்தை முதல்ல பேப்பர்ல கண்டுபிடிச்சுட்டு அப்புறம் தான் படம் பாக்கணும், படத்தைப் பாத்து விடை எழுதினா இந்த மாதிரி கணக்குல மாட்டிப்பாங்க. 2x+y=3, x−y=1 போட்டா (1.333, 0.333)ன்னு தசமத்துல வரும், 4/3, 1/3ன்னு எழுதுறது நம்ம பொறுப்பு. ஜூம் அதிகமா வச்சிருந்தா கோடு அங்கேயே முடியுதுன்னு நினைச்சுக்கவும் வாய்ப்பு இருக்கு, தள்ளிப் பாருங்க.

ஸ்டெப் காட்டாது. ஸ்டெப் வேணும்னா ஃபோட்டோமேத்னு ஒரு ஆப் இருக்கு, கேமராவை கணக்கு மேல காட்டினா வரிவரியா போட்டுக் குடுக்கும். ராத்திரி வீட்டுல தனியா உக்காந்து எந்த வரில குறி மாறுச்சுன்னு தேடுற பிள்ளைக்கு அது உதவி தான், ஆனா போட்டுப் பாக்குறதுக்கு முன்னாடியே கேமராவை எடுக்குற பழக்கம் வந்துட்டா கை வேலையே செய்யாது, அதனால என் கிளாஸ்ல டெஸ்மாஸ் மட்டும் தான். நம்ம பத்தாவது பப்ளிக்ல கால்குலேட்டர் கிடையாது, 8 மார்க் வரைபடக் கேள்விக்கு அளவுத்திட்டம் எழுதி, அட்டவணை போட்டு கையால தான் வரையணும், அந்தப் பயிற்சியை இதை வச்சு குறைச்சுடாதீங்க.

போன் ஆப்பும் இருக்கு, ஒரு தடவை இன்ஸ்டால் பண்ணிட்டா நெட் இல்லாமலே ஓடும். ஆனா சின்ன ஸ்கிரீன்ல ரெண்டு மூணு வரி டைப் பண்ணி ஓட்டை எங்கன்னு விரலால தேடுறது கஷ்டம், லேப்டாப் கிடைச்சா அதுலயே பாருங்க.