கிளாஸ்கோ முடுக்குகள்: பழைய படங்களை வரைபடத்தோடு பார்க்கும் அனுபவம்

ஸ்காட்லாந்து நகரங்களின் பழைய படங்களை இணையத்தில் பல வருடங்களாகத் தேடிப் பார்த்து வருகிறேன். ஆரம்பத்தில் அழகுக்காகத்தான். இப்போது ஒரு படத்தைத் திறந்தால் பக்கத்திலேயே வரைபடத்தையும் திறந்துவிடுகிறேன். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் படம் பேசுகிறது.

கிளாஸ்கோ ஹை ஸ்ட்ரீட் பக்கத்தில் தாமஸ் ஆனன் 1868 முதல் 1871 வரை எடுத்த படங்களையே எடுத்துக்கொள்வோம். 1866-ல் வந்த நகர மேம்பாட்டுச் சட்டப்படி அந்த நெருக்கமான குடியிருப்புகளை இடிக்க இருந்தார்கள். அதற்கு முன் பதிவுசெய்யும் வேலை அவரிடம் வந்தது. குறுகலான முடுக்கு, இருபுறமும் உயர்ந்த கல்சுவர், தலைக்கு மேலே கம்புகளில் காயும் துணி. ஒரு படத்தின் தலைப்பிலேயே '118, ஹை ஸ்ட்ரீட்' என்று கதவு எண் இருக்கிறது.

ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் வரைபடப் பகுதியில் 1850களின் இறுதியில் அளந்த கிளாஸ்கோ நகரப்படம், 1:500 அளவில், இலவசமாகக் கிடைக்கிறது. முடுக்குகள் எல்லாம் அதில் தெளிவாகத் தெரியும். இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் அதை வைத்து, வேண்டிய அளவு மங்க வைத்தால் எது போனது, எது நிற்கிறது என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். எந்தக் கடை எந்த எண்ணில் இருந்தது என்பதற்குப் பழைய தபால் முகவரிப் புத்தகங்களைப் புரட்டவேண்டும். 1773 முதல் 1911 வரை உள்ளவற்றை அதே நூலகம் ஏற்றி வைத்திருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்த வசதிக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

அப்புறம் டண்டீ நகரின் வேலன்டைன் நிறுவனம் தபால் அட்டைகளாகவும் விற்ற படங்கள். இவை செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. படத்தின் அடியில் 'ஜே.வி.' (ஜேம்ஸ் வேலன்டைன்) என்ற எழுத்தும் ஓர் எண்ணும் இருந்தால், அந்த எண்ணை வைத்து ஆண்டைக் கணிக்கலாம். அட்டையில் இருக்கும் தபால் முத்திரையின் தேதியை மட்டும் நம்பாதீர்கள். ஒரே படத்தை வருடக்கணக்கில் விற்றிருக்கிறார்கள்.

ஆளே இல்லாத தெருக்களைப் பார்த்து ஊர் வெறிச்சோடிக் கிடந்ததாக நினைக்கவேண்டாம். படம் பதிய பல நொடிகள் தேவைப்பட்டதால், நடந்தவர்கள் பதியாமலே போனார்கள். அபர்டீன் நகரப் புகைப்படக்காரர் ஜார்ஜ் வாஷிங்டன் வில்சன் 1859-ல் எடின்பரோவின் பிரின்சஸ் தெருவில் நடமாட்டத்தையே பிடித்துக் காட்டினார். அந்தக் காலத்துக்கு அது பெரிய சாதனை.

எனக்கு நிஜமான கோபம் தலைப்புகள் மீதுதான். ஒரு சேகரிப்பில் தேவாலயத்தின் பெயரே மாறியிருந்தது. எழுதித் தெரிவித்தேன், பதில் வரவில்லை. ஆகவே பெரிய அளவுப் பிரதியைப் பணம் கொடுத்து வாங்குமுன் கோபுரம், தெரு வளைவு, சாய்வு மூன்றையும் வரைபடத்தோடு ஒப்பிட்டுவிடுங்கள். பெரிய பிரதி வாங்கினால் கடைப்பலகை எழுத்துகள் வாசிக்கும்படி கிடைக்கும். திரையில் பார்க்கும் சிறிய பிரதியில் அது கிடைக்காது.