எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின்: நிறுவனம் மாற்றிக் கொடுத்த டேப்லெட்டும் நான் கொடுத்த ஓய்வு நாளும்

முன்பு என்னுடன் பல முறை பறந்து, இப்போது மும்பையைத் தளமாகக் கொண்டு பணியாற்றும் இளைய துணை விமானி ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில் கேட்டார்: “சார், புது டேப்லெட் எப்படி இருக்கு? எங்களையும் வந்து மாத்திக்கச் சொல்லி மெயில் வந்திருக்கு. உடனே மாத்திக்கலாமா, கொஞ்சம் தள்ளிப் போடலாமா?” வரைபடங்களையும் கையேடுகளையும் காகிதத்துக்குப் பதிலாக விமானி அறையில் பார்க்க, விமான நிறுவனம் எங்களுக்குக் கொடுக்கும் டேப்லெட்டைத்தான் கேட்டார். நல்ல கருவி, தயங்காமல் மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். பிறகுதான் அவருக்குப் பாதி பதிலைத்தான் சொல்லியிருக்கிறேன் என்று தோன்றியது. மீதிப் பாதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

திரையின் அளவு, நினைவகம், எடை ஆகியவற்றை நான் எழுதத் தேவையில்லை. அவை மெயிலிலேயே இருக்கின்றன. எட்டு மாதங்களாக ஏர்பஸ் ஏ320 விமானத்தின் இடப்பக்க இருக்கையில், அதாவது கேப்டன் இருக்கையில், இதை வைத்துப் பறந்தவன் என்ற முறையில், எவரும் என்னிடம் கேட்காத ஒன்றை முதலில் சொல்கிறேன். எல்லோரும் வெயிலில் திரை தெரிகிறதா என்றே கேட்கிறார்கள். தெரிகிறது. ஆனால் இந்தக் கருவியின் உண்மையான சிறப்பு அது எவ்வளவு ஒளிர்கிறது என்பதில் இல்லை, எவ்வளவு மங்குகிறது என்பதில் இருக்கிறது. இரவு இரண்டரை மணிக்குக் கொல்கத்தாவிலிருந்து சென்னைக்குத் திரும்பும்போது, விமானி அறையின் விளக்குகளை எல்லாம் தணித்துவிட்டு முன்கண்ணாடி வழியே வங்கக் கடலின் மேல் வளர்ந்து நிற்கும் மேகங்களைத் தேடிக்கொண்டிருப்போம். பழைய டேப்லெட்டை முழுவதும் தணித்த பிறகும் அதன் வெளிச்சம் பக்கக் கண்ணாடியில் ஒரு வெள்ளைக் கட்டமாகப் படிந்து நிற்கும். வெளியே பார்க்க வேண்டுமென்றால் அதைக் கவிழ்த்து வைக்க வேண்டும். புதியதில் அந்தக் கட்டம் இல்லை. கறுப்புப் பின்னணியில் வரைபடத்தின் கோடுகள் சாம்பல் நிறத்தில் மெல்லத் தெரிகின்றன, கண் இருளுக்குப் பழகியபடியே இருக்கிறது. நாற்பத்தேழு வயதில், இரவில் கண் மீண்டும் இருளுக்குப் பழக எத்தனை நிமிடம் ஆகிறது என்பதை உணர்ந்தவனுக்கு இது சிறிய உதவி அல்ல.

வெயிலைப் பற்றியும் ஒரு சொல். இத்தகைய டேப்லெட்டுகள் பெரும்பாலும் 35 பாகை செல்சியஸ் வரையிலான சூழலுக்கு என்றே வடிவமைக்கப்படுகின்றன. அக்னி நட்சத்திரத்தில் மீனம்பாக்கத்தின் சிமென்ட் தளத்தில் ஒரு மணிநேரம் நின்ற விமானத்தில், பக்கக் கண்ணாடியில் ஒட்டிய தாங்கியின் அருகே அதைவிட அதிக வெப்பம் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பழைய டேப்லெட் அங்கே சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போதே வெப்ப எச்சரிக்கையைக் காட்டிவிட்டு அணைந்துவிடும். குளிர்காற்றுத் துளையின் முன் பிடித்துக் காத்திருப்போம். மே மாத நடுவில் ஒருநாள் அதைத் தாங்கியில் பொருத்தியபோது திரையின் வலது ஓரம் உடலைவிட்டு ஒரு நகக்கண் அளவுக்கு எழும்பியிருப்பதையும், அந்த இடுக்கில் வெளிச்சம் ஒரு நூலாகக் கசிவதையும் பார்த்தேன். பேட்டரி உப்பிவிட்டது. லித்தியம் பேட்டரி உப்பிய கருவியை விமானி அறைக்குள் வைத்திருக்கக் கூடாது என்பதில் எந்த ஐயமும் இல்லை. அன்றே எழுத்தில் தெரிவித்தேன். அன்றைய பயணத்தைத் துணை விமானியின் டேப்லெட்டையும் விமானத்திலிருந்த காப்பு ஏற்பாட்டையும் கொண்டு முடித்தோம். ஆகவே கருவியை மாற்ற வேண்டும் என்ற நிறுவனத்தின் முடிவு சரியானது, சொல்லப்போனால் சற்றுத் தாமதமானது.

எனக்குக் கோபம் மாற்றிய முறையில்தான். மெயிலில் இருந்த சொற்கள் இவை: ஓய்வு நாளிலோ பணி முடிந்த பிறகோ “உங்கள் வசதிப்படி” அலுவலகத்துக்கு வந்து மாற்றிக்கொள்ளவும். அலுவலகம் வார நாள்களில் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை மட்டும். அந்த வாரம் எனக்குத் தொடர்ந்து மூன்று அதிகாலைப் பணிகள். மூன்று நாளும் இரண்டரை மணிக்கு எழுந்தவன் நான்காம் நாள் ஓய்வில் இருந்தேன், ஐந்தாம் நாள் மீண்டும் அதிகாலை. வீட்டுக்கு வண்டி அனுப்பும் வழக்கம் பணி நாளுக்கு மட்டுமே என்பதால், ஆவடியிலிருந்து மதுரவாயல் வழியாக என் காரிலேயே போனேன். அறையில் எனக்கு முன் ஆறு பேர். பழையதை அழிக்கப் பத்து நிமிடம். புதியதில் என் அடையாளத்தை ஏற்ற முக்கால் மணிநேரம். அதன் பிறகு வரைபடங்களும் கையேடுகளும் இறங்க ஆரம்பித்தன. ஏழு பேரின் கருவிகளும் ஒரே வைஃபையில் இழுத்துக்கொண்டிருந்ததால் பதிவிறக்கக் கோடு நகர்வதே தெரியவில்லை. அங்கிருந்த இளைஞர், “மீதிய வீட்ல போய் இறக்கிக்கங்க சார், இங்க முடியாது” என்றார். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. மூன்று மணி வரை அவரும் அவருடைய சக ஊழியரும் சாப்பிடப் போகவில்லை என்பதை என் கண்ணால் பார்த்தேன்.

வீட்டில் அது இறங்கி முடிய இரவு பதினொன்றரை ஆயிற்று. வரைபடம் முழுமையாக இல்லாத டேப்லெட்டுடன் பறக்க முடியாது, இரண்டரை மணிக்கு எழ வேண்டும், நடுவில் மூன்று மணிநேரம். நான் பணி ஒதுக்கும் பிரிவை அழைத்து, இந்த நிலையில் காலைப் பணிக்கு நான் தகுதியாக இல்லை என்று தெரிவித்தேன். மாற்றுப் பணியில் வீட்டில் காத்திருந்த இன்னொரு கேப்டனை எழுப்பி அனுப்பினார்கள். ஒரு கருவியை மாற்ற எனக்கு அரை நாள் பணி நேரம் ஒதுக்க மனமில்லாததால், ஒரு முழுக் காலைப் பணிக்கு வேறொரு மனிதர் போக வேண்டியிருந்தது. இந்தக் கணக்கை மேலே எவராவது போட்டுப் பார்த்தார்களா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

இவ்வளவு சம்பளம் வாங்குகிறவர் ஒரு நாள் போய்வந்ததற்கு இப்படிப் பேசலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நான் கேட்பது பணம் அன்று. உலகெங்கும் விமானிகளின் பணி நேரத்தை வரையறுக்கும் விதிகளுக்கு அடிப்படையான சர்வதேச வரையறையில், பணி என்பது பறப்பது மட்டும் இல்லை. நிறுவனம் செய்யச் சொல்லும் நிர்வாக வேலையும் பயிற்சியும் அதில் அடங்கும். ஓய்வு என்பது எல்லாப் பணியிலிருந்தும் விடுபட்ட தொடர்ச்சியான நேரம். அமெரிக்காவில் 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதியும் நிர்வாக வேலையைப் பணி என்றே பெயர் சொல்லிச் சேர்க்கிறது. அதற்கும் மேலாக, பறக்கும் பணிக்கு முன் 10 மணிநேர ஓய்வும் அதில் 8 மணிநேரத் தடையற்ற உறக்க வாய்ப்பும் வேண்டும் என்கிறது. நம் நாட்டில் நெடுநாள் வாதத்துக்குப் பிறகு 2025இல்தான் வாராந்திர ஓய்வு 36 மணிநேரத்திலிருந்து 48 மணிநேரமாக உயர்ந்தது. அந்தப் பன்னிரண்டு மணிநேரத்துக்காக வழக்குமன்றம் வரை போனவர்கள் விமானிகள். அப்படிப் பெற்ற ஓய்வின் நடுவே “வசதிப்படி” என்ற ஒரு சொல்லைப் போட்டு ஆறு மணிநேரத்தை எடுத்துக்கொள்வதை நான் சிறிய விஷயமாகக் கருத மாட்டேன்.

இந்த டேப்லெட்டுகள் வந்த கதையை நினைத்துப் பார்த்தால் எனக்கு இது இன்னும் தெளிவாகிறது. 2011 ஆகஸ்டில் அமெரிக்காவின் யுனைடெட் நிறுவனம் தன் விமானிகளுக்கு 11,000 ஐபேடுகளைக் கொடுப்பதாக அறிவித்தபோது, ஒவ்வொரு கருவியும் சுமார் 12,000 தாள்களுக்கு, ஏறக்குறைய 17 கிலோ காகிதத்துக்கு மாற்று என்றது. அதே ஆண்டு டிசம்பரில் போயிங் 777இல் தொடங்கி 2013 ஜூனில் தன் விமானங்கள் அனைத்திலும் மாற்றி முடித்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ், எடை குறைவதால் ஆண்டுக்கு 4 லட்சம் கேலன் எரிபொருள் மிச்சமாகும் என்று கணக்குச் சொன்னது. எரிபொருள் மிச்சத்தை எல்லோரும் எழுதினார்கள். காகிதத்தோடு சேர்ந்து இருந்த வேலை எங்கே போனது என்று எவரும் எழுதவில்லை. நான் துணை விமானியாகச் சேர்ந்தபோது எங்கள் நிறுவனத்தில் வரைபடப் பெட்டி விமானத்திலேயே இருக்கும். திருத்தப் பக்கங்கள் வந்ததும் பழையதை உருவிப் புதியதைச் செருகி, பதிவுத்தாளில் கையெழுத்துப் போட ஒருவர் இருந்தார், அதற்கு அவருக்குச் சம்பளம் இருந்தது. அமெரிக்க விமானிகள் பலர் அந்தத் தாள்களையும் தாங்களே வீட்டில் உட்கார்ந்து மாற்றினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். எங்களிடம் அந்த ஆளின் வேலை டேப்லெட்டோடு சேர்ந்து எங்கள் வீட்டு மேசைக்கு வந்துவிட்டது.

அது ஒருமுறை வேலையும் இல்லை. வரைபடங்களுக்கு அடிப்படையான வான்வழித் தரவுகள் உலகம் முழுவதும் 28 நாளுக்கு ஒருமுறை, எப்போதும் ஒரு வியாழக்கிழமை, நம் நேரப்படி காலை ஐந்தரைக்கு மாறும். ஆண்டுக்குப் பதின்மூன்று முறை. புதுக் கருவியில் இது பழையதைவிட விரைவாகவே இறங்குகிறது. என் வீட்டு இணையத்தில் 20 நிமிடத்துக்கு மேல் ஆனதில்லை. ஆனாலும் இறங்கியதைத் திறந்து சரிபார்க்காமல் விமானத்துக்குப் போகிறவன் நான் இல்லை. 2015 ஏப்ரலில் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் 737 விமானிகளுக்கு வாஷிங்டன் ரீகன் விமான நிலையத்தின் ஒரே ஒரு வரைபடம் தரவுத்தளத்தில் இரண்டு முறை இடம்பெற்றதால் செயலியே முடங்கி, பல விமானங்கள் தாமதமாயின. சில புறப்படும் நிலையிலிருந்து வாயிலுக்குத் திரும்பின. அதைப் படித்த நாள் முதல் ஒவ்வொரு சுழற்சியிலும் அன்றைக்கு நான் போகும் நிலையத்தையும் மாற்று நிலையங்களையும் முந்தைய இரவே திறந்து பார்த்துவிடுகிறேன். அந்த நேரமும் ரோஸ்டர் என்னும் எங்கள் பணி அட்டவணை எதிலும் இல்லை.

மாற்றிய நாளில் நான் இழந்த இன்னொன்று இருக்கிறது. பழைய கருவியில் ஆறு ஆண்டுகளாக ஒரு குறிப்பேடு வைத்திருந்தேன், 31 விமான நிலையங்களுக்கு. மதுரையில் ஆடி மாதப் பிற்பகலில் தரையைத் தொடும் முன் காற்று எந்தப் பக்கம் இழுக்கும். கோழிக்கோட்டு மேட்டு ஓடுபாதையின் விளக்குகள் மழையில் முதலில் எப்படிக் கண்ணுக்குப் படும். எந்த நிலையத்தில் எந்தத் திருப்பத்தில் மஞ்சள் கோடு இரவில் தேய்ந்து தெரியாது. பாதுகாப்பு விதிப்படி நிறுவனக் கருவியிலிருந்து வெளியே நகல் எடுக்க வழி இல்லை. அழிப்பதற்கு முன் இதை மாற்றித் தர முடியுமா என்று கேட்டேன். நேரம் இருந்தால் செய்திருப்போம் என்றார்கள். நினைவிலிருந்து மூன்று மாலைகள் உட்கார்ந்து எழுதினேன், பதினெட்டு நிலையங்களுக்கு மட்டுமே மீட்க முடிந்தது.

இன்று எங்கள் திரையில் இருக்கும் வரைபடங்களின் தொடக்கமே ஒரு விமானியின் குறிப்பேடுதான். 1930களில் அஞ்சல் விமானம் ஓட்டிய எல்ரி ஜெப்பசன், இறங்குதளங்களின் நீளத்தையும் வழியில் உள்ள தடைகளின் உயரத்தையும் ஒரு சிறிய கறுப்புக் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். உயரம் தெரியாத குன்றுகளின் மேலும் தண்ணீர்த் தொட்டிகளின் மேலும் தானே ஏறி அளந்தார். சக விமானிகள் கேட்கவே 1934இல் பிரதி 10 டாலருக்கு விற்கத் தொடங்கினார். அவரும் தன் நேரத்தைத்தான் கொடுத்தார். ஆனால் அதைக் கொடுக்கச் சொல்லி அவருக்கு எவரும் மெயில் அனுப்பவில்லை, அதன் பயனும் அவருக்கே வந்தது.

இனி அந்த இளைஞருக்கு என் முழுப் பதில். எட்டு மாதத்தில் ஒருமுறைகூட வெப்பத்தால் அணையவில்லை, நான்கு முறை பறந்த நாளிலும் பேட்டரி பாதிக்குக் கீழே போகவில்லை, இரவில் கண்ணுக்கு இதம். விமானி அறையில் நான் கையாண்ட கருவிகளில் இதைவிடச் சிறந்த ஒன்று எனக்கு நினைவில்லை. ஆனாலும் உங்கள் ஓய்வு நாளில் போய் மாற்றிக்கொள்ளாதீர்கள். உங்கள் பழைய கருவியின் திரை ஓரத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். பேட்டரி உப்பவில்லை என்றால், ரோஸ்டரில் அரை நாள் பணி என்று எழுதித் தரும் வரை காத்திருங்கள். கேட்பதைத் தொலைபேசியில் கேட்காமல் எழுத்தில் கேளுங்கள். உப்பியிருந்தால் அன்றே ஒப்படையுங்கள், அந்தப் போக்குவரத்தையும் நேரத்தையும் பணியாகப் பதியச் சொல்லுங்கள். போகும் முன் உங்கள் குறிப்புகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் கையால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என் பதினெட்டு நிலையங்களின் குறிப்புகளைத் தனியாக அனுப்புகிறேன். மதுரையும் கோழிக்கோடும் அதில் இருக்கின்றன, விடுபட்ட பதின்மூன்றில் உங்களிடம் ஏதாவது இருந்தால் எனக்கு அனுப்புங்கள்.